கிண்ணத்தில் இறங்கிய மஞ்சள்

வைத்தியரே, உங்கள் கிண்ணத்தில் இறங்கிய மஞ்சள் எங்கள் உடம்பிலிருந்து வந்ததல்ல. எங்கள் கையில் நீங்கள் பூசியது. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்கிறீர்கள்.

இதை எழுதுகிற நான் மீன் விற்கிறவள். விடிவதற்குள் காசிமேட்டில் ஏலம் எடுத்து, காலடிப்பேட்டை மார்க்கெட் வாசலில் கூடை வைக்கிறவள். பன்னிரண்டாவது வரை படித்தேன். அழகாக எழுத வராது. காமாலை வந்தவர்களும் அவர்களை வைத்தியத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். முக்கியமாகக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்.

காமாலை முதலில் எனக்குத்தான் வந்தது. மழைக்குப் பிறகு எங்கள் தெருக் குழாயில் சாக்கடை வாடை அடித்தது. துணியில் வடிகட்டிக் குடித்தோம். சில வாரத்தில் எனக்குச் சோற்றைக் கண்டால் குமட்டல். மீன் வாடையே தெரியாத எனக்கு மீன் வாடை பிடிக்கவில்லை. சிறுநீர் பால் ஊற்றாத டீ மாதிரிப் போனது. பக்கத்து வீட்டு தேசம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கண்ணு ரெண்டும் மாம்பழம் கணக்கா கீது? காமாலைடி. எழுந்து வா."

எண்ணூர் போகிற சாலையை ஒட்டிய ஒரு சந்தில் உங்கள் வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு டிவி. என் இரண்டு கைகளிலும் முழங்கை வரை ஒரு சாற்றைப் பூசினீர்கள். காயட்டும் என்றீர்கள். பிறகு சொம்பிலிருந்து வெள்ளையாகக் கலங்கிய தண்ணீரை ஊற்றித் தேய்த்தீர்கள். கீழே எவர்சில்வர் கிண்ணம். அதில் விழுந்தது மஞ்சள் தண்ணீர், திருவிழாவில் ஊற்றுவது போலக் கெட்டி மஞ்சள்.

"பாரும்மா, எப்படி இறங்குது. ரத்தத்துல ஊறிக் கெடந்ததெல்லாம் வருது. மூணு கழுவல். ஆஸ்பத்திரிப் பக்கம் போயிடாத. இங்கிலீஷ் மருந்து பட்டா ஈரல் வெந்துடும்."

ஒரு பச்சை உருண்டையை மோரில் கரைத்துக் கொடுத்தீர்கள். உப்பை நிறுத்தச் சொன்னீர்கள். மூன்று தடவை கழுவினேன். கண் வெளுத்தது, பசித்தது, நான் எழுந்து கூடை வைத்தேன்.

உங்கள் மகன் செல்போனோடு என் கூடைக்கு வந்தான். நான் வஞ்சிர மீனைத் துண்டு போட்டுக்கொண்டே பேசினேன். "காமாலை போயே போச்சு. மஞ்சத் தண்ணி கொட்டுச்சு, என் கண்ணால பாத்தேன். எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போயி அலையாதீங்க." யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எல்லாம் என் வார்த்தைதான். அந்த வீடியோதான் உங்கள் வாசல் டிவியில் ஓடுகிறது.

அதன் பிறகுதான் ரேவதி. என் தம்பி முருகனின் பெண்டாட்டி. அவன் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். லோடு ஏற்றிப் போனால் பல நாள் வீடு திரும்பமாட்டான். அவளுக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை. எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். அதே குழாய்த் தண்ணீர்.

ஒரு நாள் காலை படியிறங்கி வந்து என் முன்னால் கண்ணை விரித்துக் காட்டினாள்.

"அண்ணி, எனக்கும் வந்துடுச்சு போல கீது. நர்ஸம்மா எதுனாலும் வந்து சொல்லுன்னு சொல்லிகிறாங்க. ஒரு வாட்டி காட்டிட்டு வந்துடலாமா?"

அவள் சரியாகத்தான் கேட்டாள். அதை இங்கே எழுதி வைக்கிறேன். ரேவதி சரியாகக் கேட்டாள். நான் சொன்ன பதில் இது:

"வாயும் வயிறுமா கீற, ஊசியப் போட்டு ஈரல வேக வெச்சிடுவானுங்க. நான் நிக்கிறேன் பாரு உன் முன்னாடி, குத்துக்கல்லாட்டம். இதுக்கு மேல உனக்கு இன்னா வோணும்?"

நான் நிற்பதுதான் சாட்சி. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஆட்டோவில் உட்கார வைத்து உங்களிடம் கூட்டி வந்தேன். அவள் கையிலும் மஞ்சள் இறங்கியது. என்னுடையதைவிடக் கெட்டியாக. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு கழுவல் முடிந்தது. மூன்றாவதற்கு முன்னால் அவள் பகலெல்லாம் தூங்க ஆரம்பித்தாள். அசதி என்று நினைத்தேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாத்திரம் வைக்காமல் தீயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னாடி யோசனை?" என்று கேட்டதற்கு என்னை அம்மா என்று கூப்பிட்டாள். அவள் அம்மா செத்துப் பல வருடம். கர்ப்பக் கிறுக்கு என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் கேட்கிறது.

அன்று சாயங்காலம் முருகன் லோடு இறக்கிவிட்டு வந்தான். மாடிக்குப் போனவன் அங்கிருந்தே கத்தினான்.

"அக்கா! இவ இன்னா என்னைப் பாத்து யாருன்னு கேக்கறா? இன்னா பண்ண இவள?"

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். ரேவதியின் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வண்டியை நிறுத்தச் சொல்கிற மாதிரி உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். கை நிற்கவில்லை. காற்றில் துணி படபடக்கிற மாதிரி அடித்தது. டாக்டர் முகம் மாறியது.

"எத்தனை நாளா மஞ்சள்? வேற எதாவது மருந்து சாப்பிட்டாங்களா? நாட்டு மருந்து?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அவசரப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு பொய் சொன்னேன். முருகன் பக்கத்தில் நின்றான், அதனால் சொன்னேன். ரேவதியைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோன பிறகு டாக்டர் பின்னாலேயே ஓடி உண்மையைச் சொன்னேன்.

"என்ன இலை?"

"தெரியாதும்மா. பச்சையா இருந்துச்சு."

வாங்குகிற மீன் எந்தப் படகில் வந்தது, ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்று கேட்காமல் ஒரு கூடை எடுக்கமாட்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரி வாயில் போட்டது என்ன என்று எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில் டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். ரத்தத்தின் பழைய அணுக்கள் உடையும்போது ஒரு மஞ்சள் கழிவு வரும். அதன் பெயர் பிலிருபின். ஈரல்தான் அதைப் பித்தத்தோடு சேர்த்துக் குடல் வழியாக வெளியே தள்ளும். ஈரல் கெட்டால் அது ரத்தத்திலேயே தேங்கும், கண் மஞ்சளாகும். ஆக மஞ்சள் என்பது நோயின் அடையாளம். அது தோல் வழியாகக் கிண்ணத்தில் இறங்குகிற சமாச்சாரமே இல்லை. இன்னொரு பரிசோதனை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. உறைய வைக்கும் பொருளைச் செய்வதும் ஈரல்தான். ஈரல் ஓய்ந்தால் ரத்தம் நிற்காது. ஈரல் வடிகட்டாத விஷம் மூளைக்கு ஏறினால் ஆள் பகலில் தூங்கும், மாற்றிப் பேசும், கை படபடக்கும். நான் கிறுக்கு என்று சிரித்தது அதைத்தான்.

ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் ஈ என்ற கிருமி இருப்பது தெரிந்தது. சாக்கடை கலந்த தண்ணீரில் வருவது.

"எனக்கு வந்ததும் இதானாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம். அப்ப ரத்தம் பாக்காததால உறுதியா சொல்ல முடியாது. இது பெரும்பாலானவங்களுக்குக் கொஞ்ச வாரத்துல தானாவே சரியாயிடும். கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மாசங்கள்ல, சில பேருக்கு ரொம்ப மோசமாயிடும்."

"தானாவேன்னா?"

"நீங்க சும்மா வீட்டுல படுத்திருந்தாலும் போயிருக்கும்மா."

தானாக இறங்கிய காமாலையை இறக்கியவர் என்று உங்களுக்குப் பட்டம் கட்டி, அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போய் ரேவதி கழுத்தில் கட்டியிருக்கிறேன்.

எனக்குக் கோபம் டாக்டர் மேலும் வந்தது. "அப்ப நீங்க இன்னா மருந்து குடுக்கறீங்க?" என்று கேட்டேன். மஞ்சளை நேராக எடுக்கிற மருந்து தன்னிடம் இல்லை என்றார். விஷம் மலத்தோடு போகச் சிரப், சர்க்கரை இறங்காமல் குளுக்கோஸ், ரத்தம் உறைய பிளாஸ்மா, மூச்சையும் நினைவையும் ஓயாமல் கவனிப்பது. ஈரல் தானாகத் திரும்புகிற வரைக்கும் ஆளைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம் என்றார். பிழைப்பாளா என்றதற்கு, தெரியாது என்றார். உங்கள் வாயிலிருந்து தெரியாது என்ற சொல்லை நான் கேட்டதில்லை. அதனால்தான் உங்களை நம்பினேன் என்று இப்போது புரிகிறது.

பிளாஸ்மா என்றால் ரத்தத்தில் சிவப்பை நீக்கிய தண்ணீர்ப் பகுதி. அந்தப் பை மஞ்சளாக இருக்கும். முதல் பையைக் கம்பியில் மாட்டியபோது கண்ணாடி வழியாகப் பார்த்து, "ஐயோ, அதப் போடாதீங்க!" என்று கத்திவிட்டேன். நர்ஸ் என்னை வெளியே அனுப்பினார்.

வெளியே வராந்தாவில் தரைதான் எங்கள் வீடு. முருகன் என்னோடு பேசவில்லை. டீ வாங்கி வருவான். என் பக்கத்தில் வைப்பான். என் முகத்தைப் பார்க்கமாட்டான். அந்த டீயைக் குடிக்கவும் முடியாது, கொட்டவும் முடியாது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வியாசர்பாடியிலிருந்து மாமியாருக்குத் துணையாக வந்திருந்த ஒரு பெண் தன் பாயில் பாதியை எனக்குக் கொடுத்தாள். தேசம்மா கஞ்சி கொண்டு வந்தாள். அவளும் அழுதாள், உன்னை முதலில் வைத்தியரிடம் கூட்டிப்போனது நான்தானே என்று. வெளியில் எடுத்த பரிசோதனைகளுக்காக முருகன் லாரி முதலாளியிடம் முன்பணம் வாங்கினான். அதையும் என்னிடம் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் வயிற்றில் பிள்ளையின் துடிப்பு நின்றுவிட்டது என்றார்கள். பிறகு பிரசவமானது. பெண் குழந்தை. முருகன் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டான். துண்டை விலக்கிப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. அத்தை என்று அதைத் தூக்கும் உரிமை எனக்கு இல்லை என்று பின்னால் நடந்தேன். ரேவதிக்கு அப்போது நினைவில்லை.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "நான் முன்னாடியே கூட்டினு வந்திருந்தா புள்ள பொழச்சிருக்குமா? என்னாலதானே?"

"இந்த ஒரு கேஸை வெச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா. முதல் நாளே வந்தும் மோசமானவங்க இருக்காங்க. சீக்கிரம் வந்திருந்தா கவனிச்சிருப்போம். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பழியையாவது முழுசாகச் சுமந்திருப்பேன். கழுவினேன், பிழைத்தேன், ஆகவே கழுவியதால் பிழைத்தேன் என்று நான் போட்ட கணக்கு எப்படித் தப்போ, கழுவினாள், பிள்ளை போனது, ஆகவே கழுவியதால் போனது என்பதும் அதே மாதிரி அவசரக் கணக்கு. எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். அவள் ஆஸ்பத்திரி என்றாள், நான் வேண்டாம் என்றேன். அந்த நாட்களை அவளிடமிருந்து பிடுங்கியது நான்.

பிறகு ரேவதி மெல்லத் தெளிந்தாள். கை படபடப்பு நின்றது. முருகன் பெயரைச் சொன்னாள். வார்டுக்கு மாற்றினார்கள். அதற்கு மறுநாள் தேசம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். சண்டை போட வந்தேன். ஆனால் வாசலில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. டிவியில் நான் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் உள்ளிருந்து ஒருவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

"திருவொத்தியூர்ல ஒரு மாசமான பொண்ணு. எலுமிச்சம்பழம் மாதிரி வந்துச்சு. ரெண்டே கழுவல்தான். மூணாவதுக்கு வரவே இல்ல. அதுக்குள்ள குணமாயிடுச்சு. வேலை முடிஞ்சா அவங்க ஏன் வரப்போறாங்க?"

தேசம்மா என் கையை நசுக்கினாள். சண்டை போடும் எண்ணம் எனக்குப் போய்விட்டது. வேறு எண்ணம் வந்தது. எங்கள் முறை வந்தபோது தேசம்மாவை முன்னால் தள்ளினேன். அவளுக்குக் காமாலை வந்ததே இல்லை.

நீங்கள் பூசினீர்கள், ஊற்றினீர்கள். கிண்ணத்தில் மஞ்சள்.

"உள்ளுக்குள்ள நெறைய சேந்துருக்கும்மா. நல்ல நேரத்துல வந்த."

"எனக்கா? காலைல நண்டுக் கொழம்பு ஊத்தி பானைய வழிச்சி நக்கிட்டு வந்துகினுகிறேன்யா! எனக்குக் காமாலையா?"

பிறகு என் கையை நீட்டினேன். ஒரு கையில் நீங்கள் பூசியதும் மறு கையை இழுத்துக்கொண்டேன். "இதுல பூசாத. சும்மா ஊத்து" என்றேன். பூசாமல் ஊற்றக்கூடாது, முறை கெட்டுவிடும் என்றீர்கள். தேசம்மா சொம்பைப் பிடுங்கி இரண்டு கையிலும் ஊற்றினாள். பூசிய கையிலிருந்து மஞ்சள். பூசாத கையிலிருந்து ஊற்றிய வெள்ளைத் தண்ணீரே விழுந்தது. சொம்பில் வெற்றிலைச் சுண்ணாம்பு வாடை. உங்கள் சாற்றில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் மஞ்சளாகிறது. அவ்வளவுதான் உங்கள் வித்தை.

வெட்கக்கேடு என்ன தெரியுமா? இந்த வித்தை எனக்குத் தெரியும். பழைய மீனின் செவுளில் புது மீன் ரத்தத்தைத் தடவி விற்கிறவர்கள் உண்டு. அதனால்தான் நாங்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதோடு விடமாட்டோம். தண்ணீரை ஊற்றி விரலால் தேய்ப்போம். தடவிய ரத்தமானால் கழுவிக்கொண்டு போகும், செவுளின் சொந்த நிறமானால் நிற்கும். ஒரு சங்கரா மீனுக்குச் செய்கிற சோதனையை ஒரு பெண்ணின் உயிருக்குச் செய்யவில்லை. சிவப்பைச் சந்தேகப்பட்டவள் மஞ்சளைக் கும்பிட்டேன்.

நாற்காலியில் இருந்தவர்களிடம் திரும்பிச் சொன்னேன். "எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்க. பாத்தீங்கல்ல ரெண்டு கையையும்? அந்த மாசமான பொண்ணு எங்க வூட்டுப் பொண்ணு. குணமாகல. அவ புள்ள செத்துப்போச்சு."

இரண்டு பேர் எழுந்தார்கள். மகனோடு வந்திருந்த ஒரு ஆள் எழுந்திருக்கவில்லை. அவர் டிவியைக் காட்டினார்.

"அதுல பேசறது நீதான? அப்ப பொய் சொன்னியா, இப்ப பொய் சொல்றியா?"

"அப்பவும் பொய் சொல்லல. தெரியாம சொன்னேன்."

"உனக்கு சரியாச்சா இல்லியா?"

"சரியாச்சு."

"அப்புறம் இன்னாமா பேஜாரு பண்ற? உனக்கு ஒரு நியாயம், என் புள்ளைக்கு ஒரு நியாயமா?"

என் முகம் எனக்கு எதிராக நின்றது. நான் பேசப் பேச மேலே டிவியில் நானும் பேசிக்கொண்டிருந்தேன். அவர் அவளை நம்பினார். அவர் மகனின் மஞ்சளேறிய கண்ணை நான் பார்த்தேன். இன்று அவன் எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

அதனால்தான் எழுதுகிறேன். யாராவது எனக்குக் குணமாச்சு என்று சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். நானும் பொய் சொல்லவில்லை. சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேளுங்கள். கண்ணால் கண்டேன் என்றால், நோய் இல்லாதவருக்கும் அதே மாதிரி ஆகிறதா என்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். வேறு வைத்தியரிடம் போகாதே என்று சொல்கிறவரிடம் இரண்டு மடங்கு கேளுங்கள். ஆஸ்பத்திரியிலும் இதையே கேளுங்கள், நான் கேட்டேன். நாட்டு வைத்தியம், இங்கிலீஷ் வைத்தியம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. சோதிக்கக் கை நீட்டினால் பின்வாங்குகிற வைத்தியத்தோடுதான் சண்டை. எல்லாவற்றுக்கும் மேலே, டிவியில் வருகிறவர்களை விட்டுவிட்டு வராதவர்களைத் தேடுங்கள். பிழைத்தவள் மீன் வெட்டிக்கொண்டு பேசுவாள். மற்றவர்கள் வீடியோ எடுக்க வரமாட்டார்கள்.

ரேவதி வீட்டுக்கு வந்துவிட்டாள். கண் வெளுத்துவிட்டது. மாடியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். கொதிக்க வைத்த தண்ணீரைக் கொண்டுபோய் வைப்பேன், வாங்கிக்கொள்வாள். ஒரு நாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். என்னை முடிக்க விடவில்லை.

"நீ எனக்குக் கெட்டது நெனைக்கல அண்ணி. அது எனக்குத் தெரியும். அதனாலதான நான் ரெண்டாவது வாட்டி கேக்கல."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இனிமேலும் இருக்காது.

ஆனால் உங்களிடம் இருக்க வேண்டும், வைத்தியரே. டிவியை அணைக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன், அணைக்கவில்லை. நீங்கள் சொம்பும் சாறும் கொண்டு வர வேண்டாம். அதை ஊரே பார்த்துவிட்டது. எனக்கு வேண்டியது ஒரு பதில். எங்கள் தெரு அம்மன் கோயில் வாசலில் வெள்ளிக்கிழமை மைக் கட்டுகிறோம். முருகன் நிற்பான், நான் நிற்பேன், உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தவர்களெல்லாம் நிற்பார்கள். மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: மூன்றாவது கழுவலுக்கு வராத அந்தப் பெண் குணமாகிவிட்டாள் என்று உங்களிடம் வந்து சொன்னது யார்?